குரல் வலது கதவிலேயே உட்கார்ந்திருக்கிறது: டைம் அலைன்மென்ட் உதவி தேவை (பெங்களூரு)

கோரமங்களா_செந்தில்

எல்லோருக்கும் வணக்கம். ஹேட்ச்பேக் கார். முன் கதவுகளில் ஆறரை இன்ச் காம்பொனன்ட் செட் (வூஃபரும் ட்வீட்டரும் தனித்தனி), ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) இரண்டும் ஏ-பில்லரில் (முன் கண்ணாடி ஓரத் தூண்), டிக்கியில் அடி பேஸுக்குப் பத்து இன்ச் சப்வூஃபர். எல்லாமே ஒரு டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும்) ஆம்ப்ளிஃபையரில் தனித்தனி சேனலாக ஓடுகின்றன, முழு ஆக்டிவ். பின் கதவு ஸ்பீக்கர்களைக் கழற்றியாயிற்று.

ஜேசி ரோடு பக்கம் ஒரு கடையில் பொருத்தினேன். வயரிங் வேலை சுத்தம், அதில் குறை சொல்ல மாட்டேன். எல்லா ஸ்பீக்கரின் ஒலியும் காதுக்கு ஒரே நேரத்தில் வரும்படி தாமதம் வைப்பது இருக்கிறதே, அந்த "டைம் அலைன்மென்ட்டும் போட்டாச்சு சார்" என்றார்கள். ஆனால் பாடகர் என் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பாடுகிறார். இடது கதவு ஓடுகிறதா என்று குனிந்து காதை வைத்துப் பார்த்தால் ஓடுகிறது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "காது பழகிடும் சார், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி (கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்)" என்று அனுப்பிவிட்டார்கள்.

குரல் டேஷ்போர்டு நடுவில் வர என்ன செய்ய வேண்டும்?

பழைய_கேசட்

பேலன்ஸ் நாப்பை இடது பக்கம் இரண்டு மூன்று புள்ளி தள்ளுங்கள் தம்பி. நாற்பது வருடமாக எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். இதற்குப் போய் கம்ப்யூட்டர் எதற்கு?

டேப்_அண்ணாச்சி

கேசட் ஐயா, பேலன்ஸ் பாதி வியாதிக்குத்தான் மருந்து. பக்கத்து ஸ்பீக்கர் இரண்டு விதத்தில் முந்துகிறது. ஒன்று, சத்தம் அதிகம். இரண்டு, சீக்கிரம் வந்து சேர்கிறது. பேலன்ஸ் முதலாவதை மட்டும்தான் தொடும்.

ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது, அதாவது ஒரு மில்லி செகண்டுக்கு 34.3 செ.மீ. நம் ஊர் வண்டியில் ஓட்டுநர் வலது பக்கம். வலது கதவு ஸ்பீக்கர் 95 செ.மீ. தூரம், இடது கதவு 140 செ.மீ. தூரம் என்று வையுங்கள். இடது பக்க ஒலி 1.3 மில்லி செகண்ட் தாமதமாக வருகிறது. ஒரு காதுக்கும் மறு காதுக்கும் இடையே இயற்கையாக விழக்கூடிய அதிகபட்ச நேர வித்தியாசமே ஏறக்குறைய 0.65 மில்லி செகண்ட்தான். அதைப் போல இரண்டு மடங்கு தள்ளி வந்தால் மூளை என்ன செய்யும்? பஸ்ஸில் துண்டு போட்டவனுக்கே சீட் என்பதுபோல, முதலில் வந்த ஒலிக்கே இடத்தைக் கொடுத்துவிடும். ஹெல்முட் ஹாஸ் 1949-இல் இதை ஆராய்ந்து ஆய்வேடே எழுதினார், அதனால்தான் இதற்கு ஹாஸ் விளைவு என்று பெயர்.

இன்னொரு கெடுதலும் உண்டு. 45 செ.மீ. வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 380 ஹெர்ட்ஸில் இடது வலது இரண்டும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஆண் குரலின் கனம் உட்காரும் இடம் அது. நாப்பைத் திருப்பினால் அந்தப் பள்ளம் நிரம்பாது. இடது பக்கத்தைக் கூட்டக் கூட்ட இன்னும் ஆழமாகக்கூடப் போகலாம், ஏனென்றால் சம பலமுள்ள இரண்டு அலைகள்தான் ஒன்றையொன்று முழுதாக அழிக்கும்.

செந்தில் தம்பி, கடைக்காரர் போட்ட எண்களை அப்படியே இங்கே எழுதுங்கள். அப்புறம் ஒரு டேப் எடுத்து, நீங்கள் உட்காரும்போது தலை இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கரின் நடுவுக்கும் அளந்து அதையும் போடுங்கள்.

கோரமங்களா_செந்தில்

நன்றி அண்ணாச்சி. டிஎஸ்பி ஆப்பில் மில்லி செகண்டாகத்தான் காட்டுகிறது. இப்போது இருப்பவை:

வலது ட்வீட்டர் 1.28, வலது கதவு 0.90, இடது ட்வீட்டர் 2.62, இடது கதவு 2.22, சப் 0.

என் டேப் கணக்கு: வலது ட்வீட்டர் 82 செ.மீ., வலது கதவு 96, இடது ட்வீட்டர் 128, இடது கதவு 141, சப் 172. மனைவி டேப்பின் மறுமுனையைப் பிடித்தார், எனவே கழுத்தைத் திருப்பாமல் அளந்தது.

டேப்_அண்ணாச்சி

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எண்கள் சரி, பக்கம்தான் தலைகீழ்.

இந்த வேலைக்கு ஒரே சூத்திரம்தான். இருப்பதிலேயே தூரமான ஸ்பீக்கருக்குச் சுழி. மற்றவை எவ்வளவு கிட்டத்தில் இருக்கின்றனவோ அவ்வளவு காத்திருக்க வேண்டும். உங்கள் வண்டியில் தூரம் சப், 172. வலது கதவு 96. வித்தியாசம் 76 செ.மீ., அதை 34.3-ஆல் வகுத்தால் 2.22 மில்லி செகண்ட். இது வலது கதவுக்குப் போக வேண்டிய எண். உங்களுக்கு இடது கதவில் உட்கார்ந்திருக்கிறது. மற்றவற்றுக்கும் இதே கதைதான்: வலது ட்வீட்டருக்கு 2.62, இடது ட்வீட்டருக்கு 1.28, இடது கதவுக்கு 0.90.

எனக்குத் தோன்றுவது, அமெரிக்க வீடியோ எதையோ பார்த்து "ஓட்டுநர் பக்கம்" என்பதை இடது என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். அங்கே ஸ்டியரிங் இடது பக்கம். ஹெட் யூனிட்டில் (டேஷ்போர்டு ஸ்டீரியோ) கேட்கும் இருக்கையைத் தேர்ந்தெடுக்கிற மெனுவிலும் இந்த வம்பு நடக்கும்.

இதனால் என்ன ஆனது தெரியுமா? இயற்கையாகவே 1.3 மில்லி செகண்ட் பிந்தி வந்துகொண்டிருந்த இடது பக்கத்தை இன்னும் 1.3 பிடித்து நிறுத்திவிட்டார்கள். மொத்தம் 2.6. ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால்கூட இதைவிட நன்றாகக் கேட்டிருக்கும்.

லோபாஸ்_லதா

அண்ணாச்சி சொன்ன எண்களைப் போடும் முன்பு ஒரு நிமிடம். போலாரிட்டி பார்த்தீர்களா செந்தில்? ஒரு கதவு ஸ்பீக்கரின் ப்ளஸ் மைனஸ் மாறியிருந்தால் எவ்வளவு டிலே (தாமதம்) போட்டாலும் குரல் நடுவில் நிற்காது, தலைக்குள்ளும் வெளியிலுமாகக் கலங்கித் திரியும்.

வூஃபருக்கு எளிய வழி உண்டு. ஆம்ப்ளிஃபையரிலிருந்து அந்த வயரைக் கழற்றிவிட்டு, ஒரு சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியை நொடிப்பொழுது தொட வையுங்கள். ப்ளஸ்ஸில் ப்ளஸ் தொடும்போது கோன் வெளியே வர வேண்டும். இரண்டு கதவும் ஒரே திசையில் அசைகின்றனவா என்பதுதான் கேள்வி. ட்வீட்டருக்கு இதைச் செய்யாதீர்கள், அதன் காயில் மெல்லியது. அதற்கு வயர் நிறத்தைப் பார்த்துச் சரிபார்த்தால் போதும்.

என் வரிசை இதுதான்: போலாரிட்டி, கிராஸ்ஓவர் (எந்த ஒலி எந்த ஸ்பீக்கருக்கு என்று பிரிக்கும் ஃபில்டர்), இடது வலது சத்த அளவு, அப்புறம் டிலே, கடைசியில்தான் ஈக்வலைசர். கிராஸ்ஓவரைப் பிறகு மாற்றினால் டிலேயையும் திரும்பப் பார்க்க வேண்டிவரும், ஃபில்டர் தானே கொஞ்சம் தாமதம் சேர்க்கும்.

அல்சூர்_அப்பு

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், மூன்று சந்தேகம். வெயிலில் நின்ற வண்டிக்குள் சூட்டில் ஒலி வேகம் மாறுமே, எண்களையும் மாற்ற வேண்டுமா? ப்ளூடூத்தில் பாட்டு கேட்டால் அந்தத் தாமதமும் சேருமா? சீட்டை முன்னே பின்னே தள்ளினால் எல்லாம் கெட்டுவிடுமா?

டேப்_அண்ணாச்சி

சூடு: 40 டிகிரியில் ஒலி நொடிக்கு 355 மீட்டர் போகும். 45 செ.மீ. வித்தியாசத்துக்கு 1.31 மில்லி செகண்ட் என்பது 1.27 ஆகும். விட்டுத் தள்ளுங்கள். பெங்களூரில் அந்தச் சூடும் மார்ச், ஏப்ரலில் வெயிலில் நிறுத்திய வண்டிக்குத்தான், ஏசி போட்டதும் போய்விடும்.

ப்ளூடூத்: எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே தாமதம். வீடியோ பார்க்கும்போதுதான் உதடு தப்பும், இதற்குச் சம்பந்தமில்லை.

சீட்: ஐந்து செ.மீ. பின்னால் போனால் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சேர்ந்தே கூடும். அதனால் வித்தியாசம் பெரிதாக மாறாது. பக்கவாட்டில் சாய்ந்து ஜன்னலில் முழங்கை வைத்து ஓட்டுகிறவர்களுக்குத்தான் குரல் நகரும்.

கோரமங்களா_செந்தில்

பேட்டரி வைத்துப் பார்த்தேன், இரண்டு வூஃபரும் ஒரே திசை. எண்களை மாற்றிப் போட்டேன்.

அடேயப்பா! அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டேன். குரல் முழங்காலிலிருந்து எழுந்து டேஷ்போர்டு மேல் ஏறிவிட்டது. செக்யூரிட்டி அண்ணன் கதவைத் தட்டி ஏதாவது பிரச்சினையா என்று கேட்கும் அளவுக்கு உள்ளேயே இருந்துவிட்டேன்.

ஆனால் இரண்டு குறை. குரல் சரியாக நடுவில் இல்லை, ஸ்டியரிங்குக்கு இடப்பக்க விளிம்பு அளவில் நிற்கிறது. அதிலும் "ச", "ஷ" வரும் இடத்தில் மட்டும் சட்டென்று வலது பில்லருக்கு ஓடிவிட்டுத் திரும்புகிறது. இரண்டாவது, பேஸ் இன்னும் டிக்கியிலிருந்துதான் வருகிறது.

லோபாஸ்_லதா

"ச" ஓடுவது ட்வீட்டர் விவகாரம். காது திசையைக் கண்டுபிடிக்க இரண்டு வழி வைத்திருக்கிறது. ஏறக்குறைய 1500 ஹெர்ட்ஸுக்குக் கீழே நேர வித்தியாசம், அதற்கு மேலே முக்கியமாகச் சத்த வித்தியாசம். இதை ராலே பிரபு 1907-லேயே எழுதிவிட்டார். "ச" எல்லாம் பல ஆயிரம் ஹெர்ட்ஸில் இருப்பவை. அங்கே டிலேயை விட, எந்தப் பக்கம் ட்வீட்டர் அதிகச் சத்தம் என்பதுதான் பேசும். வலது ட்வீட்டர் உங்கள் முகத்திலிருந்து 82 செ.மீ., இடது 128. தூரத்தால் மட்டுமே வலது ஏறக்குறைய 4 டெசிபல் கூடுதல். வலது ட்வீட்டரை அரை அரை டெசிபலாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். "ச" குரலோடு ஒட்டிக்கொண்டதும் நிறுத்துங்கள். 4 வரைக்கும் போக வேண்டியிருக்காது, கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒலியும் கணக்கில் சேரும்.

அடுத்து ட்வீட்டருக்கும் அதே பக்க வூஃபருக்கும் உள்ள பொருத்தம். டேப் இந்த இடத்தில் முரட்டுக் கருவி. 2500 ஹெர்ட்ஸில் கிராஸ்ஓவர் வைத்திருந்தால் ஓர் அலையின் நீளமே 13.7 செ.மீ.தான். அளப்பதில் ஒரு செ.மீ. தவறினால் 26 டிகிரி ஃபேஸ் (ஓர் அலையின் முழுச் சுற்று 360 டிகிரி) போய்விடும். வூஃபர் கோனில் ஒலி எந்தப் புள்ளியிலிருந்து கிளம்புகிறது என்று டேப்புக்குத் தெரியாது. டிஎஸ்பி 48 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது என்றால் ஒரு படி 0.02 மில்லி செகண்ட், தூரத்தில் 7 மி.மீ. அந்த நுணுக்கம் கையில் இருக்கும்போது டேப்போடு நிறுத்தினால் வீண்.

நான் செய்வது: வலது ட்வீட்டர், வலது வூஃபர் மட்டும் ஓடட்டும், மற்றதெல்லாம் மியூட். கிராஸ்ஓவர் ஃப்ரீக்வென்சியைச் சுற்றிய குறுகிய பிங்க் நாய்ஸ் (இரைச்சல் போன்ற சோதனை ஒலி) போடுங்கள். ட்வீட்டரின் போலாரிட்டியை ஆப்பில் வேண்டுமென்றே திருப்புங்கள். இப்போது அதன் டிலேயை ஒவ்வொரு படியாக நகர்த்தினால் ஓர் இடத்தில் சத்தம் நன்றாகச் சுருங்கும். அங்கே நிறுத்திவிட்டு போலாரிட்டியைப் பழையபடி திருப்புங்கள். சத்தம் உச்சமாக இருப்பது எந்த இடத்தில் என்று காதுக்குச் சரியாகப் பிடிபடாது, சுருங்குவது உடனே பிடிபடும். அப்புறம் இடது பக்கமும் இதே போல. ஒரு பக்கத்து ஜோடி ஒட்டியதும் அவற்றைச் சேர்த்தே நகர்த்துங்கள், தனித்தனியாகத் தொடாதீர்கள்.

பழைய_கேசட்

நடுவைச் சோதிக்க என்ன பாட்டு போடுகிறீர்கள்? என் யோசனை: ஐம்பது, அறுபதுகளின் பழைய திரைப்பாட்டு. அவை மோனோவில் பதிவானவை. இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றே என்பதால் குரல், வயலின், தபேலா எல்லாம் ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். நிற்காமல் பரவினால் தப்பு ஸ்பீக்கரில். ஆனால் பார்த்து எடுங்கள், பின்னாளில் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கிய பதிப்புகள் நிறையச் சுற்றுகின்றன. அவற்றை வைத்துச் சோதித்தால் பைத்தியம் பிடிக்கும்.

பேலன்ஸ் போதும் என்று சொன்னவன்தான் நான். 380 ஹெர்ட்ஸ் பள்ளம் பற்றி அண்ணாச்சி எழுதியது யோசிக்க வைத்தது.

லோபாஸ்_லதா

அருமையான யோசனை ஐயா. நான் பிங்க் நாய்ஸைத்தான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன், அதை அரை மணி நேரம் கேட்டால் தலை வலிக்கும்.

ஓசூர்_எக்ஸ்பிரஸ்

சப் விஷயத்துக்கு நான் வருகிறேன். டிக்கியிலிருந்து பேஸ் வருகிறது என்றால் எல்லோரும் டிலேயைத்தான் நோண்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி அது இல்லை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சுத்தமான ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதுக்குச் சொல்லத் தெரியாது. நம்மைக் காட்டிக்கொடுப்பவை நம்பர் பிளேட்டின் கிடுகிடுப்பு, டிக்கி ட்ரிம், ஜாக்கி வைக்கும் பள்ளத்தில் உருளும் ஸ்பேனர். அவை எழுப்பும் மேல் ஒலிகளைக் கேட்டுத்தான் மூளை "பின்னால்" என்கிறது. லோ-பாஸ் (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் சப்புக்கு விடுவது என்ற எல்லை) எவ்வளவில் இருக்கிறது? 120-இல், 12 டெசிபல் சரிவில் விட்டிருந்தால் குரலின் அடிப்பகுதியே பின்னால் போய்விடும். 70 அல்லது 80, 24 டெசிபல் வையுங்கள். ஒருவர் பாட்டைப் போடட்டும், நீங்கள் டிக்கிக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு பாகமாகக் கையால் அழுத்திப் பாருங்கள். எந்த இடத்தில் சத்தம் நிற்கிறதோ அங்கே ஃபோம் டேப் ஒட்டுங்கள்.

டேப்_அண்ணாச்சி

ஆமாம், அதோடு சப்புக்கு டேப் அளவே போதும். 80 ஹெர்ட்ஸில் அலை நீளம் 4.3 மீட்டர். பத்து செ.மீ. தவறினாலும் 8 டிகிரிதான்.

லோபாஸ்_லதா

இதில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன் அண்ணாச்சி. தூரத்தில் பத்து செ.மீ. தவறுவது பிரச்சினை இல்லை, சரிதான். ஆனால் தூரமே இங்கே சின்னப் பங்கு. 80 ஹெர்ட்ஸ், 24 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலி வகை ஃபில்டர் தாழ்ந்த ஒலிகளை ஏறக்குறைய 5.6 மில்லி செகண்ட் பிடித்து வைக்கிறது. இரண்டு மீட்டர் தூரத்துக்குச் சமம்! கதவு வூஃபருக்கும் அதே ஃபில்டரின் ஹை-பாஸ் (மேல் ஒலியை மட்டும் விடும் பாதி) போட்டிருந்தால் கணக்கு சமன் ஆகும். ஆனால் கதவு வூஃபர் தானாகவே 70, 80-இல் விழ ஆரம்பித்திருக்கும், அதுவும் ஃபேஸைத் திருப்பும். டேப்பின் எண் இதில் எதையும் அறியாது.

டேப்_அண்ணாச்சி

நீங்கள் சொல்வது ஏட்டில் சரி. வண்டியில் நான் பார்த்தவரை, டேப் அளவு போட்டு, சப் போலாரிட்டியை ஒருமுறை திருப்பிப் பார்த்து, எது கனமாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொண்டால் வேலை முடிந்துவிடுகிறது. மைக் இல்லாத ஆளுக்கு அதுவே போதும்.

லோபாஸ்_லதா

போலாரிட்டியைத் திருப்புவது 180 டிகிரித் தாவல். நிஜத்தில் தேவை 90 என்றால் இரண்டும் பாதிப் பாதித் தப்பு. மைக் வேண்டாம், காதே போதும்: 80 ஹெர்ட்ஸ் டோன் ஓடட்டும், சப் போலாரிட்டியைத் திருப்பிவிட்டு, கதவுகளின் டிலே எல்லாவற்றையும் ஒன்றாகவே கூட்டிக் கூட்டிப் போங்கள். ட்வீட்டரும் சேர்ந்து நகர வேண்டும், இல்லையென்றால் முன்னால் செய்த வேலை போச்சு. சத்தம் மிகவும் சுருங்கும் இடத்தில் நிறுத்தி போலாரிட்டியைத் திருப்புங்கள். 80 ஹெர்ட்ஸுக்கு ஒரு முழுச் சுற்று 12.5 மில்லி செகண்ட், எனவே இன்னொரு பொருத்தம் அத்தனை தள்ளி மறுபடி வரும். அதைத் துரத்தாதீர்கள், முதலில் கிடைப்பதே போதும்.

மைக் வாங்கும் எண்ணம் இருந்தால் ஆர்ஈடபிள்யூ என்ற ஒலி அளக்கும் மென்பொருள் இலவசம். யூமிக்-1 போன்ற யூஎஸ்பி மைக்கில் நேரத்தை அப்படியே நம்பக் கூடாது, மைக்குக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் ஒரே கடிகாரம் இல்லை. "அக்கூஸ்டிக் டைமிங் ரெஃபரன்ஸ்" என்று ஒரு வசதி உள்ளே இருக்கிறது. ஒரு ட்வீட்டரை அடையாளமாக வைத்து அது ஒவ்வொரு முறையும் ஒரு சிறு கீச்சொலி எழுப்பும், மற்ற ஸ்பீக்கர்களை அதோடு ஒப்பிடும். சப்பின் இம்பல்ஸ் (ஒரு சொடுக்கொலிக்கு ஸ்பீக்கர் எழுப்பும் அலையின் வரைபடம்) உச்சியை மட்டும் பார்த்து டிலே போடாதீர்கள். தாழ்ந்த ஒலியின் உச்சி தானாகவே பிந்தித்தான் எழும்.

கோரமங்களா_செந்தில்

லதா மேடம், வலது ட்வீட்டரை 2.5 டெசிபல் குறைத்ததும் "ச" ஓடுவது நின்றுவிட்டது. திருப்பிப் போட்டுச் சுருங்க வைக்கும் வித்தையும் வேலை செய்கிறது. இடது ட்வீட்டர் மட்டும் டேப் எண்ணிலிருந்து 0.08 தள்ளிப்போய் நின்றது.

எக்ஸ்பிரஸ் சொன்னதுதான் பேஸ் கதை. நம்பர் பிளேட். சப்பும் 120-இல்தான் இருந்தது, 75-க்கு இறக்கினேன். சப் டிலேயை இரண்டு பேர் வழியிலும் செய்து தனித்தனி ப்ரீசெட்டாக (சேமித்த அமைப்பு) வைத்தேன். லதா மேடம் வழியில் மிருதங்கத்தின் தொப்பி அடி முன்னால், கெட்டியாக வருகிறது. அண்ணாச்சி வழியில் கொஞ்சம் அகலமாக, மெத்தென்று. கெட்டியானதை வைத்துக்கொண்டேன். அண்ணாச்சி கோபித்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு பிரச்சினை முளைத்திருக்கிறது. டேப் பிடித்தவர் இடது சீட்டில் உட்கார்ந்துவிட்டு, "எனக்கு எல்லாம் ஜன்னலிலிருந்து வருகிறது, முன்னாடியே நன்றாக இருந்தது" என்கிறார்.

டேப்_அண்ணாச்சி

கோபம் எதற்கு, காது உங்களுடையது.

வீட்டம்மா சொல்வது நியாயம். வலது பக்கத்தைப் பிடித்து நிறுத்தினால், இடது சீட்டில் இருப்பவருக்கு ஏற்கெனவே முந்துகிற இடது கதவு இன்னும் முந்தும். ஒரு சீட்டுக்குப் போட்டால் மறு சீட்டுக்கு நட்டம், இதற்கு எண்ணால் தீர்வு கிடையாது. இரண்டாவது ப்ரீசெட் வையுங்கள்: இரண்டு பக்கமும் ஒரே எண்கள், ட்வீட்டர் அந்தந்தப் பக்க வூஃபரோடு ஒட்டியபடி, சப் பொருந்தியபடி, இடது வலதுக்கு இடையே மட்டும் எதுவும் இல்லை. ட்வீட்டர் சத்தத்தையும் சமமாக விடுங்கள். இருவருக்கும் நடு கிடைக்காது, ஆனால் இருவருக்கும் கெட்டுப்போகாது. சேலம் போகும்போது அது, தனியாக ஆபீஸ் போகும்போது மற்றது.

ஓசூர்_எக்ஸ்பிரஸ்

ப்ரீசெட்டை வண்டி நிற்கும்போது மாற்றுங்கள். சில்க் போர்டு சந்திப்பில் சிக்னல் விழுந்ததும் ஆப்பைத் திறந்து ஒவ்வொரு படியாக நகர்த்துகிற ஒரு நண்பர் எனக்கு இருக்கிறார். பின்னால் நிற்பவர்கள் ஹாரனில் அவருக்கு வேறு டெஸ்ட் டோன் வாசிப்பார்கள்.

அல்சூர்_அப்பு

என் வண்டியில் டிஎஸ்பி எல்லாம் இல்லை. ஹெட் யூனிட் மட்டும் மாற்றியது, அதில் டைம் அலைன்மென்ட் இருக்கிறது, ஆனால் செ.மீ. கேட்கிறது. காம்பொனன்ட் செட்டுக்கு அதோடு வந்த கிராஸ்ஓவர் பெட்டிதான். எனக்கு இதில் ஏதாவது உண்டா?

லோபாஸ்_லதா

உண்டு. செ.மீ. கேட்டால் அளந்த தூரத்தையே போடுங்கள், கழித்தல் வகுத்தல் அதுவே செய்துகொள்ளும். மில்லி செகண்ட் கேட்கும் மெஷினில் மட்டும்தான் கிட்டத்து ஸ்பீக்கருக்குப் பெரிய எண். உங்கள் ட்வீட்டரும் வூஃபரும் ஒரே சேனலில் இருப்பதால் தனித்தனியாக நகர்த்த முடியாது. வூஃபரின் தூரத்தைப் போடுங்கள், ஏனென்றால் நேரத்தை வைத்து இடம் சொல்லும் ஒலிகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. பின் கதவு ஸ்பீக்கர் இருந்தால் ஃபேடரை (முன் பின் ஸ்பீக்கர் சத்தப் பங்கு) முன்னால் தள்ளிவிட்டு, மோனோ பாட்டு ஒன்றைப் போட்டு, வலது கதவின் எண்ணை மட்டும் முன்னே பின்னே ஒரு படி நகர்த்திப் பாருங்கள். பலவற்றில் ஒரு படி 2.5 செ.மீ., அதற்குள் பிடிபடும்.

அல்சூர்_அப்பு

வலது 98, இடது 139. ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கேசட் ஐயா, மோனோ பதிவுதானா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

பழைய_கேசட்

ஹெட்ஃபோனில் கேளுங்கள். எல்லாம் தலைக்கு நடுவில் ஒரே இடத்தில் நின்றால் மோனோ. தபேலா ஒரு காதிலும் வயலின் மறு காதிலும் பிரிந்து கேட்டால் அந்தப் பதிப்பு வேண்டாம்.